மனோர் பார்க்கிலிருந்து எப்பிங் வரை
(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சாப்பாடு ஆறமுன்னம் முடித்துவிடுங்கோ என்று தலைவர் சொல்லிவிட்டார். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன். போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை நான் மனோர் பார்க் புகையிரத நிலையத்திலிருந்து எப்பிங் வரை 15 மைல் நடந்தேன். "உமக்கென்ன விசரே, ரயில் ஓடேல்லையே?" என்று கேட்டவர்கள் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

விசர் எனக்கில்லை, என் மகளுக்கு. எங்கட ஸ்டேசனடியில் தொடங்கி எப்பிங் காட்டுக்குள்ளால் போகும் பாதை ஒன்றை அவள் வரைபடத்தில் காட்டினாள். காட்டுச் சட்டத்தின் நூற்றாண்டு நினைவாக 1978இல் வகுத்த பாதையாம். 25 வருடத்துக்கு மேலாக அந்த ஸ்டேசனில் ஏறி இறங்கியும் எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

காலமை ஏழு மணிக்கு, மனைவி கட்டித்தந்த புட்டோடு வெளிக்கிட்டோம். முதலில் வருவது வான்ஸ்ரெட் பிளற்ஸ் வெளி. வானம்பாடிகள் பாடிக்கொண்டிருந்தன. நாங்கள் பிள்ளைகளைப் பந்தடிக்கக் கூட்டிக்கொண்டு போகும் இந்த வெளியை ஒரு பிரபு வேலியடைக்கப் பார்த்தார். 1871இல் கிழக்கு லண்டன் சனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். அங்கால் லௌட்டனில் தோமஸ் வில்லிங்கேல் என்ற ஏழை விறகுவெட்டியின் குடும்பத்தார், கொப்பு வெட்டும் உரிமைக்காக 1860களில் மறியலுக்கே போனார்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் 1878இல் சட்டம் வந்தது. காடு அடைபடாமல் பொதுசனத்துக்குத் திறந்திருக்க வேண்டும், லண்டன் மாநகரக் கோப்பறேசன் அதைப் பராமரிக்க வேண்டும் என்று.

அந்தக் கொப்பு வெட்டின அடையாளம் மரங்களில் இப்பவும் இருக்கிறது. மாடு எட்டாத உயரத்தில் வெட்டி வெட்டி, தலை பருத்து, அதிலிருந்து பல கிளை கிளம்பி நிற்கும். ஊரில் ஆட்டுக்குக் குழை வெட்டின பூவரசு கண்முன் வந்தது.

எட்டாம் ஹென்றி மன்னன் 1543இல் கட்டுவித்த வேட்டை மாளிகை சிங்ஃபோர்ட்டில் இருக்கிறது. அதனருகே இருந்து புட்டைச் சாப்பிட்டோம். அதுவரை சுகமான நடை. அதற்கங்கால்தான் காடு காடாக இருந்தது. ஏற்றத்தில் சரளைக்கல், மண்ணை விட்டுக் கிளம்பின வேர். பள்ளத்தில் களி, முதல்நாள் மழை வேறு. என் சப்பாத்து கோயிலுக்குப் போகிற சப்பாத்து. வழுக்கி இரண்டு தரம் இருந்தெழும்பினேன்.

அம்பிரஸ்பெரி பாங்க்ஸ் என்று 2000 வருடத்துக்கு முந்திய மண்ணரண் ஒன்று உண்டு. அதற்குக் கிட்ட எங்கேயோ ஒரு கொப்பு முறிந்து விழுந்த சத்தம். நான் அப்படியே குந்திவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. "என்னப்பா?" என்று பக்கத்தில் இருந்தாள்.

அவளுக்கு அதுவரை சொல்லாததை அங்கேதான் சொன்னேன். 1995 ஐப்பசி 30, வலிகாமமே வெளிக்கிட்ட இரவு. மழை. நாவற்குழிப் பாலத்தில் அடியெடுத்து வைக்க இடமில்லை. ஒரு வயதுப் பிள்ளையாக அவள் என் தோளில் கிடந்தாள். அம்மாவுக்குக் கால் ஏலாது. "நான் வீட்டைப் பார்க்கிறன், நீங்கள் போங்கோ" என்றார். விட்டுவிட்டு வந்தேன். கிளாலி கடந்து வன்னிக்குப் போய்க் காட்டோரம் கொட்டில் போட்டிருந்தோம். அங்கே இரவில் கொப்பு முறிந்தால் மிருகமா மனிசரா என்று தெரியாது. அம்மா காலமான செய்தி அடுத்த மாசியில் ஒரு துண்டுக் கடிதத்தில் வந்தது.

மகள் கனநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பம்மாவுக்குச் சாப்பாடு வைத்துவிட்டோ வந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம். மூன்று நாளைக்குக் காணும் என்று வைத்தோம். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்தோம்."

மிச்ச வழியெல்லாம் என் பையையும் அவளே சுமந்தாள். பெல் கொமன் என்ற இடத்தில் எம்25 நெடுஞ்சாலை நிலத்துக்கடியால் போகிறது, மேலே பெடியள் கிரிக்கெட் அடிக்கிறார்கள்! நாள் முழுக்க நடந்த தூரத்தை ரயில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்து, எங்களை மனோர் பார்க்கில் இறக்கிவிட்டது. முழங்கால் ஒரு கிழமை வலித்தது.

வருகிற வைகாசியிலும் போகிறோம். வர விரும்புகிறவர்கள் முதற் சனிக்கிழமை காலமை ஏழு மணிக்கு ஸ்டேசன் வாசலுக்கு வாருங்கோ. ஏலாதவர்கள் சிங்ஃபோர்ட்டில் ரயில் பிடிக்கலாம். இரண்டு சோடி மேசு கொண்டுவாருங்கோ. புட்டு எங்கட வீட்டில் அவிக்கிறோம்.