பயாப்ஸி ரிப்போர்ட்டில் உள்ள எண்கள்



வயதான ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் புற்றுநோயைப் பற்றி இன்று பேசுகிறேன். ஆண்கள் இதை வெட்கப்பட்டு மறைப்பார்கள். ஆகவே வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து கேட்க வேண்டும்.

ஆண்களின் சிறுநீர்ப் பைக்கு அடியில் உள்ள சுரப்பிதான் பிராஸ்டேட். 50 வயதுக்கு மேல் அது பெருத்து, ஒன்றுக்குப் போவது சிரமமாவது சகஜம். பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல. டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் பயாப்ஸியும் செய்வார்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசி விட்டு நெல் எடுத்துப் பார்க்கிறார்கள் அல்லவா? அதே மாதிரி மெல்லிய ஊசியால் சுமார் 12 இடங்களில் சதைத் துணுக்கு எடுப்பார்கள்.

அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண் போடும் முறையை 1966-ல் வெளியிட்டவர் டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க டாக்டர். ரிப்போர்ட்டில் "3+4=7" என்று இருக்கும். முதல் எண், அதிகமாகக் காணப்படும் அமைப்பு. அடுத்த எண், மிச்சத்தில் மோசமான அமைப்பு. 3 சாது, 5 முரடு.

"பத்துக்கு ஆறா, பாதிக்கு மேல் முற்றிவிட்டதே" என்று பயந்து நிலத்தை ஒத்தி வைக்க ஓடாதீர்கள். இன்று பயாப்ஸியில் புற்றுநோய்க்குப் போடும் மிகக் குறைந்த எண்ணே 6 தான். இந்தக் குழப்பம் தீர, 2014-ல் உலக நிபுணர்கள் கூடி ஐந்து தரங்களை ஏற்றுக்கொண்டார்கள்:

6 — தரம் 1
3+4=7 — தரம் 2
4+3=7 — தரம் 3
8 — தரம் 4
9, 10 — தரம் 5

இரண்டு ஏழும் ஒன்றல்ல, கவனியுங்கள்.

தரம் 1 என்றால் பலருக்கு உடனே ஆபரேஷன் தேவைப்படாது. கண்காணித்து வந்தால் போதும். ஆனால் டாக்டர் சொன்ன நாளில் போக வேண்டும். "நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும்" என்று தள்ளிப் போடக் கூடாது. தரம் 4, 5 வேகமாகப் பரவக்கூடியவை. அவற்றுக்கும் சிகிச்சை உண்டு; தாமதம்தான் கூடாது.

தரம் வேறு, பரவல் வேறு. எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்பதை ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் வேறெங்கு போனாலும், ரிப்போர்ட்டோடு கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் கூசாமல் கேளுங்கள்:

1. தரம் என்ன?
2. எத்தனை துணுக்குகளில் நோய் இருக்கிறது?
3. வெளியே பரவியிருக்கிறதா?
4. காத்திருக்கலாமா?
5. சிகிச்சையால் சிறுநீர் அடக்குவதும் தாம்பத்தியமும் பாதிக்குமா?

பதிலை இருவரும் கேட்டுக்கொண்டு, இருவருமாக முடிவு செய்யுங்கள்.