ஃபுளு ஊசி பிள்ளையை எவ்வளவு காக்கும்?

(கெடா தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உள்ள பெற்றோர்களுக்கான உரை)



2025 அக்டோபரில் நம் நாட்டுப் பள்ளிகளில் ஃபுளு வேகமாகப் பரவியது. ஏறக்குறைய 6,000 மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். சில பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. “ஊசி போட்ட பிள்ளைக்கும் காய்ச்சல் வருகிறதே, பிறகு எதற்கு ஊசி?” என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஃபுளு ஊசி நூற்றுக்கு நூறு காப்பதில்லை. பரவும் கிருமியோடு ஊசி நன்றாகப் பொருந்தும் ஆண்டில், டாக்டரிடம் போகும் அளவுக்கு ஃபுளு வருவது 40 முதல் 60 விழுக்காடு குறைகிறது. அதாவது, ஊசி இல்லாமல் பத்துப் பிள்ளைகள் படுக்கும் இடத்தில், ஊசி போட்டால் நான்கு முதல் ஆறு பேர்தான் படுப்பார்கள். சாதாரணச் சளியையும் மற்றக் கிருமிகளால் வரும் காய்ச்சலையும் இந்த ஊசி தடுக்காது.

‘பாதிதானா?’ என்று தள்ளிவிடாதீர்கள். ஊசியின் பெரிய பயன், நோய் முற்றாமல் காப்பது. அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரையிலான விவரங்களை ஆராய்ந்தார்கள். ஃபுளுவால் இறக்கும் அபாயம், திடமாக இருந்த பிள்ளைகளிடம் 65 விழுக்காடும், ஏற்கெனவே வேறு நோய் இருந்த பிள்ளைகளிடம் 51 விழுக்காடும் குறைந்திருந்தது.

முழுப் பயன் கிடைக்க இவற்றைக் கவனியுங்கள்:

• 6 மாதம் நிறைந்த பிள்ளைக்குப் போடலாம். 8 வயது வரை, முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. ஒன்றோடு நிறுத்தினால் பாதுகாப்பு குறையும்.

• உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு வாரம் ஆகும். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும்.

• 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி இல்லை. தாய் கர்ப்பமாக இருக்கும்போது போட்டுக்கொண்டால் குழந்தைக்கும் காப்பு கிடைக்கும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் போட்டுக்கொள்வது நல்லது.

பிள்ளைகளுக்கான இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. தனியார் கிளினிக்கில் பணம் கட்டித்தான் போட வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதத்தில் போட முடியாவிட்டால், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் ஆஸ்துமா, இருதய நோய் உள்ள பிள்ளைக்கும் முதலில் போடுங்கள்.

ஊசி போட்டிருந்தாலும், பிள்ளைக்கு மூச்சு வாங்கினால், பால் குடிக்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் அயர்ந்தே கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஃபுளு ஊசியைப் பற்றித் தாதியிடம் கேளுங்கள்.