அளவறிந்து பின்னுதல்

மார்கழி பிறந்துவிட்டால் கோலார் தங்கவயலில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். கடல் மட்டத்திற்குச் சுமார் 2,800 அடி உயரத்தில், திறந்த மேட்டு நிலத்தில் அமைந்த ஊர் இது. சயனைடு மண்மேடுகளைத் தழுவி வரும் காற்றுக்குத் தடை ஏதும் கிடையாது. சுரங்கங்கள் நடந்த காலத்தில் இக்குளிருக்கு மற்றொரு கொடுமையும் இருந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அடியிலுள்ள பாறையின் வெப்பமோ 60 பாகை செல்சியசைத் தாண்டியது. அந்த வெக்கையில் வியர்த்து உழைத்தவர்கள் கூண்டில் ஏறி மேலே வந்ததும் பனிக்காற்றில் நிற்பார்கள். ஆகவே கம்பளிச் சட்டை எங்கள் ஊரில் வெறும் அலங்காரப் பொருளாக இருந்ததில்லை.

பண்டிகைக்கு வீட்டாருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பது நல்ல வழக்கமே. ஆனால் அப்படிக் கொடுத்தவற்றுள் எத்தனை உடலில் ஏறின, எத்தனை பெட்டிக்குள் போயின என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறோம். 2001 ஆம் ஆண்டு பெப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில், வேலையிழந்து வீட்டிலிருந்த தகப்பனாருக்கு அக்கா தங்கையர் நாங்கள் சேர்ந்து தலைவழியே மாட்டும் ஸ்வெட்டர் ஒன்று பின்னினோம். ஆங்கிலப் புத்தகத்தின் குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினோம். அவர் தடவிப் பார்த்து, “நன்றாயிருக்கிறது” என்றார், மடித்து வைத்தார். மறு ஆண்டு இரும்புப் பெட்டியைத் திறந்தபோது அது அந்துருண்டைகளோடு அப்படியே கிடந்தது.

பிழை எங்கே நேர்ந்தது? முதலாவது, கணக்கில். புத்தகம் 4 அங்குல அகலத்திற்கு 24 கண்ணி என்று சொல்லியிருந்தது. எங்கள் கை இறுக்கமான கை. அதே அகலத்தில் எங்களுக்கு 26 கண்ணி விழுந்தது. இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். முன்னும் பின்னுமாக 240 கண்ணி ஏற்றினால், புத்தகக் கணக்கில் 40 அங்குலம் வரவேண்டும். எங்கள் கையிலோ 37 அங்குலமே வந்தது. தகப்பனாரின் மார்பளவு 38.

ஆதலின் எந்தக் குறிப்பையும் தொடங்குமுன் மாதிரித் துண்டு ஒன்று பின்னுதல் வேண்டும். ஏறக்குறைய 6 அங்குலச் சதுரமாகப் பின்னி, நனைத்து உலர்த்தி, நடுவே 4 அங்குலத்தை அளந்து கண்ணிகளை எண்ணுக. கண்ணி மிகுந்தால் பருத்த ஊசிக்கு மாறுக. இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய ஆங்கில முறையில் எண் குறையக் குறைய ஊசி பருக்கும். 10 ஆம் எண் 3.25 மில்லிமீட்டர், 8 ஆம் எண் 4 மில்லிமீட்டர். அமெரிக்க முறையோ இதற்கு நேர் எதிரானது. ஆகவே எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைப் பார்ப்பதே சரி. ஊசியை மாற்றியும் கணக்கு ஒத்துவராவிடில், வேண்டிய அங்குலத்தை உங்கள் அங்குலக் கண்ணியால் பெருக்கி ஏற்றிக்கொள்ளுங்கள்.

பரிசு என்பதால் பெறுபவரை நிறுத்தி வைத்து அளக்க இயலாதே என்பீர்கள். அவர் விரும்பி அணியும் சட்டை ஒன்று கொடியில் காயும் அல்லவா? அதைத் தரையில் பரப்பி, அக்குளுக்குக் கீழே குறுக்களவும், தோள் அகலமும், கை நீளமும் எடுத்துக்கொண்டால் போதும். மேல்சட்டைக்கு மேல் அணிவதாயின் மார்பளவுக்கு மேல் 3, 4 அங்குலம் தளர்வு விடலாம்.

இரண்டாவது பிழை கணக்கில் அடங்காதது. அக்குறிப்பு நிமிர்ந்த முதுகுக்காரருக்கு எழுதப்பட்டது. பல ஆண்டுகள் துளைக்கருவியோடு போராடிய எங்கள் தகப்பனாருக்கோ முதுகு கூனியிருந்தது. பாறைத்தூள் நுரையீரலில் தங்கியமையால் மூச்சும் குறைவு. கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆடையை மாட்டினாலே இளைக்கும். அதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறு முறை முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டராகப் பின்னினோம். பருத்த நூலின் பாரம் தோளை அழுத்தும் என்பதால் மெல்லிய நூலைத் தேர்ந்தோம். விறைத்த விரல்களுக்குச் சிறு பொத்தான் அகப்படாது. பெரிய பொத்தான்களாக ஐந்து மட்டும் வைத்தோம். கூன் முதுகுக்கு முதுகுப் பகுதி நடுவில் நீளம் வேண்டும். இல்லையேல் பின்விளிம்பு இடுப்பை விட்டு மேலேறிக் குளிர் புகும். இதற்குப் பாதி வரிசை என்ற உபாயம் உண்டு. தோள்பட்டை எலும்பு வரும் இடத்தில், வரிசையின் கோடிவரை போகாமல், சில கண்ணிகளுக்கு முன்பே திரும்பிவிடுவது, மறுபுறமும் அவ்வாறே. திரும்புமிடத்தில் அடுத்த கண்ணியை நூலால் ஒருமுறை சுற்றிவிட்டால் ஓட்டை விழாது. அங்குலத்திற்கு 8 வரிசை விழும் கையானால், இப்படி 8 பாதி வரிசைகள் நடு முதுகில் ஓர் அங்குலத்தைக் கூட்டித்தரும். பக்கத் தையல் முன்பக்கத்தோடு சரியாகவே பொருந்தும்.

தம்பிக்கு வேறு தேவை. இருள் பிரியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தில் அவனும் ஒருவன். நெரிசலில் பிடியைப் பற்றக் கையுயர்த்தி நிற்பவனுக்குக் கை நீளம் போதாவிட்டால் மணிக்கட்டு வெளியே தெரியும். உடம்பு நீளம் போதாவிட்டால் இடுப்பு தெரியும். இரண்டிலும் ஓர் அங்குலம் கூட்டினோம். பேத்திக்கோ வளரும் உடம்பு. அவளுக்குக் கையைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னுவது நலம். அடுத்த ஆண்டு மணிக்கட்டுப் பட்டியை மட்டும் பிரித்து, நீட்டிப் பின்னி முடித்துவிடலாம். கீழிருந்து மேலே பின்னிய கையை அப்படி எளிதில் பிரிக்க முடியாது. அதற்காக அதே சாயக் குறி எண்ணுள்ள நூலுருண்டை ஒன்றை எடுத்து வைத்தல் வேண்டும். மறு ஆண்டு கடையில் வாங்கும் சிவப்பு, அதே சிவப்பாக இருக்காது.

தகப்பனாரின் ஸ்வெட்டரில் வலப்பக்கம் பை ஒன்றும் வைத்தோம். புத்தகத்தில் அது இடுப்புக்குக் கீழே இருந்தது. குனியாமல் கை போகும் உயரத்திற்கு அதை இரண்டு அங்குலம் மேலேற்றினோம். மூச்சுமருந்துக் குழலை அவர் அதில்தான் வைத்துக்கொள்கிறார். இவ்வாண்டு முழங்கை நைந்துவிட்டது. புதிது பின்னட்டுமா என்று கேட்டோம். இதையே தைத்துக் கொடுங்கள், பையை மட்டும் இன்னும் சற்று ஆழமாக்குங்கள் என்றார்.