முகத்தைப் பார்த்துப் போடும் மதிப்பெண்



வேலை முடிந்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீட்டி முழக்கப் போவதில்லை.

1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் கிளிஃபோர்ட், வால்ஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கள் ஏறக்குறைய 400 பேரிடம் ஒரு மாணவரின் தேர்ச்சி அறிக்கையைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். மதிப்பெண் எல்லாம் ஒன்றே. ஒட்டியிருந்த படம் மட்டும் வேறு. சிலருக்கு அழகான பிள்ளை, சிலருக்கு அவ்வளவு அழகில்லாத பிள்ளை. அழகான முகத்தைப் பார்த்தவர்கள், இது கெட்டிக்காரப் பிள்ளை, மேலே படிக்கும் என்றார்கள். அதோடு விட்டார்களா? இதன் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை அதிகம் என்றும் சொன்னார்கள்! அந்தப் பெற்றோரை அவர்கள் கண்ணால் கண்டதே இல்லை. விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஏறுகிறீர்களே அம்மா, உங்கள் அக்கறையைப் பிள்ளையின் மூக்கையும் முழியையும் வைத்து அளந்தால் எப்படி இருக்கும்?

அந்த ஆசிரியர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒன்று நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று மனம் தானே முடிவு கட்டிவிடுகிறது. 1920-லேயே தோர்ண்டைக் என்பவர் இதற்கு 'ஒளிவட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

ஊரைச் சொல்லிவிட்டு வீட்டை விடலாமா? "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்கிறோம். பெண் பார்க்கப் போகும்போதும் சொல்கிறோம், பெற்ற பிள்ளையையும் சொல்கிறோம். அந்த 'இருந்தாலும்' எதற்கு? 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி கூட குளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. நம் வாய்தான் இன்னும் மாறவில்லை.

என் அக்காள் மகள் ஒரு கடைக்கு வேலை கேட்டுப் போனாள். கணக்கில் படு சுட்டி. கல்லாவில் உட்கார 'முகம் வேண்டும்' என்று சொல்லி, பின்னால் சாமான் அடுக்க அனுப்பிவிட்டார்கள். சம்பளமும் குறைவு. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரியும். கேட்டதற்கு, "நம்ம மூஞ்சி அப்படித்தானே மாமா" என்றாள்.

இளைஞர்களே, கேட்காத இடத்தில் விண்ணப்பத்தில் படம் ஒட்டாதீர்கள். நேர்முகத் தேர்வில் என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள். பெற்றோர்களே, பிள்ளையைப் பின் வகுப்பில் போட்டால் பள்ளிக்கு நேரில் போங்கள். எந்தத் தாளில் எத்தனை மதிப்பெண் என்று காட்டச் சொல்லுங்கள். எழுதியதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.