ரிடீமர் படகில் போனவர்கள்

(நாகர்கோவிலில் நடந்த ஒரு நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1924 ஜனவரி 16. கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குப் போன 'ரிடீமர்' என்ற படகு பல்லனா ஆற்றில் கவிழ்ந்தது. ரிடீமர்னா மீட்பர்னு அர்த்தம். பேர்தான் மீட்பர், ஏறினவங்க எல்லாரையும் கரை சேர்க்கல. அதிலே செத்தவர்களில் ஒருவர் மகாகவி குமாரன் ஆசான். வயசு 50. பல்லனாவில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

மலையாளக் கவிஞருக்கு இங்கே எதுக்குக் கூட்டம்னு கேட்கிறாங்க. இந்தக் குமரி மண்ணும் 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடதான் இருந்தது. ஈழவரையும் புலையரையும் கோயில் தெருவில் நடக்கவிடாத வழக்கம் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. ஆசான் செத்து 74ஆம் நாள், மார்ச் 30 அன்று, வைக்கம் போராட்டம் தொடங்கியது. பெரியார் போய்ச் சிறைப்பட்டார். 1926இல் நம்ம சுசீந்திரத்திலும் தெருவுக்காகப் போராட்டம் வந்தது. அதையெல்லாம் பார்க்க ஆசான் இல்லை.

ஆசான் ஈழவர். நாராயண குருவின் சீடர். 1903இல் தொடங்கிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தின் முதல் செயலாளர். தன் சாதி முன்னேறினாப் போதும்னு அவர் நின்றுவிடவில்லை. ஈழவரிலேயே புலையரைத் தள்ளி வைத்தவங்க இருந்த காலம் அது. அந்தக் காலத்தில், 1922இல், 'துரவஸ்தா' எழுதினார். கலவரத்தில் வீடிழந்து வந்த நம்பூதிரிப் பெண் சாவித்திரி, சாத்தன் என்கிற புலையனின் குடிசையில் அடைக்கலமாகி, அவனையே மணக்கிறாள். எவன் நிழல் பட்டாலே தீட்டுன்னாங்களோ, அவன் குடிசையைக் காவியத்தின் நடுவில் வைத்தார் ஆசான்.

இப்போ ஒரு கேள்வி. அன்னைக்கு ஆசான் மட்டுமா முழுகினார்? கூட இன்னும் பலர் செத்தாங்க. அவங்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருந்திருக்கும்; கரையில நின்னு கதறியிருப்பாங்க. அந்தப் பேர்களில் ஒன்றையாவது இந்தப் பந்தலில் யாராவது சொன்னோமா? மாலை ஒருத்தருக்கு, மௌனம் மத்தவங்களுக்கு. தண்ணி ஆள் பார்த்து முழுகடிக்கல. நாமதான் ஆள் பார்த்து அழறோம். உயிரோட இருக்கும்போது வரிசை கட்டினது சாதி. செத்த பிறகும் வரிசை கட்டினா, அது என்ன விடுதலை?

அதனால ஒரு வேலை சொல்றேன். இளைஞர்கள் பழைய பத்திரிகைகளையும் ஆவணங்களையும் தேடுங்க. பேர்களைக் கொண்டுவாங்க. அடுத்த ஜனவரி 16 அன்று அந்தப் பேர்களை முதலில் வாசிப்போம். ஆசான் பேரைக் கடைசியில் வாசிப்போம். சாத்தனுக்குக் காவியத்தில் இடம் கொடுத்த மனுஷன் அதுக்காகக் கோவிச்சுக்க மாட்டார்.