காரீயமும் வெள்ளீயமும்



தில்லியிலும் மும்பையிலும் குடியேறிய நம்மவர் வீடுகளில் ரசம் வைப்பதற்கென்று ஈயச்சொம்பு ஒன்று இன்றும் இருக்கக் காணலாம். தமிழில் ஈயம் என்னும் ஒரு சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவாக வழங்கி வருகிறது. சொம்புக்கு உரியது வெள்ளீயம். மோட்டார் பாட்டரியில் இருப்பது காரீயம். முன்னது சமையலுக்கு ஏற்றது, பின்னது நஞ்சு. இந்தியில் ராங்கா என்றும் சீசா என்றும் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் ஆதலால், வெறும் ஈயம் என்று எழுத எனக்கு மனம் ஒப்புவதில்லை. வெள்ளீயம் என்று விற்கப்படும் பாத்திரத்தில் காரீயம் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. புளி ரசமோ அதைக் கரைத்துக்கொள்ளும்.

காரீயம் உடலுக்கு எவ்வகையிலும் தேவையற்றது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவும் அதற்கு இல்லை. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் அதை நான்கைந்து மடங்கு மிகுதியாக ஏற்கிறது. வளரும் மூளையே முதலில் துன்புறுகிறது. படிப்பில் மந்தம், கவனக்குறைவு, சோகை, வயிற்றுவலி எனப் பல வடிவில் அது தோன்றலாம். வெளிக்குறி ஒன்றுமின்றியும் இருக்கலாம். ஆகவே பரிசோதனை இன்றி அறிய வழியில்லை.

நம் நாட்டில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாதென்று 2016-இல் விதி பிறந்தது. ஆனால் பழைய சுவர்களில் பழைய பெயிண்டு உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய பாட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறைகள், வடநாட்டில் கண்ணுக்குத் தீட்டும் சுர்மா, சிலவகைச் செந்தூரம் இவையும் கவனத்துக்குரியவை. நம்மைப் பெரிதும் தொடுவது மஞ்சள். கிழங்கின் நிறம் எடுப்பாகத் தெரியக் காரீயக் குரோமேட்டைப் பூசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தெற்காசிய நகரங்களில் வாங்கிய மஞ்சளைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வொன்றில், பாட்னாவில் கிடைத்த சில மாதிரிகளில் கிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராமுக்கும் மேல் காரீயம் இருந்தது. நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவு பத்தே. கண்ணைப் பறிக்கும் மஞ்சளைக் கண்டால் சற்றுத் தயங்குவது நல்லது.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். காரீயத்துக்கு இரத்தமே சான்று. விரல் நுனியில் குத்தி எடுத்த துளியில் தோல்மேல் ஒட்டிய தூசும் சேர்ந்துவிடக் கூடும். அதில் அளவு மிகுதியாகத் தெரிந்தால் நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தால் உறுதிசெய்ய வேண்டும். ஆர்சனிக்குக்குச் சிறுநீரே ஏற்றது. ஆனால் கடல் மீன் உண்டவர் சிறுநீரில் தீங்கற்ற ஒருவகை ஆர்சனிக் மிகுந்து காணும். சோதனைக்கு முன் சில நாட்கள் மீனைத் தவிர்க்க வேண்டும். வங்காளத்தில் வாழ்வோர் இதை நினைவிற் கொள்க. தலைமயிரைச் சோதித்துத் தரும் அறிக்கையை நம்பி மருந்து உண்ணலாகாது. ஷாம்புவும் சாயமும் தெருப்புழுதியும் அதில் சேர்ந்தே பேசும்.

அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணுக்கு முன் அலகைப் பாருங்கள். 100 மில்லி லிட்டரில் 5 மைக்ரோகிராம் என்பதும் ஒரு லிட்டரில் 50 என்பதும் ஒன்றே. ஐம்பதைக் கண்டு கலங்கிய பெற்றோரும் உண்டு, ஐந்தைக் கண்டு அலட்சியமாக இருந்தவரும் உண்டு. இந்த 5-ஐ எட்டினாலே நஞ்சு எங்கிருந்து வருகிறதெனத் தேடி அகற்ற வேண்டும் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. குழந்தைகளுக்கு உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தை அது பரிந்துரைப்பது, அளவு 45-ஐ எட்டும்போதுதான்.

இம்மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதை முதலில் கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதிப்போர் இருக்கின்றனர். அப்போது எவருடைய சிறுநீரிலும் உலோகம் மிகுந்துதான் காணும். மருந்து உண்ணாதவரின் அளவோடு அதை ஒப்பிட்டு, நஞ்சு ஏறியிருக்கிறதென அச்சுறுத்துவது முறையன்று. மருந்தும் விளையாட்டுப் பொருளன்று. 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இவ்வகைச் சிகிச்சையின்போது இரத்தத்தில் கால்சியம் குன்றி உயிரிழந்தான். எடிடிஏ என்ற பெயரில் இரு மருந்துகள் உண்டு. ஒன்று கால்சியம் சேர்ந்தது, மற்றது சேராதது. பெயர் ஒற்றுமை இங்கும் வினையாயிற்று.

அளவு சிறிதே கூடியிருப்பின் செய்யத்தக்கவை எளியவை. ஐயத்துக்குரிய சொம்பையும் மஞ்சளையும் விலக்குங்கள். தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். உண்ணுமுன் குழந்தையின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பட்டறையில் வேலை செய்பவர், உடுத்திய உடையோடு குழந்தையைத் தூக்காதிருக்கட்டும். இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் காரீயத்தை மிகுதியாக ஏற்கும். கீரை, பால், கேழ்வரகு இவை நன்று. சோகை இருந்தால் மருத்துவர் இரும்புச் சத்து மருந்து தருவார்.

இரத்தத்திலுள்ள காரீயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலும்பில் படிந்தது பல ஆண்டுகள் தங்கி, சிறிது சிறிதாக இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். ஆதலின் மருத்துவர் குறிக்கும் நாளில், கூடுமானவரை அதே பரிசோதனைக் கூடத்தில், மீண்டும் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். பழைய அறிக்கையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.