ஊதியம், வேலை நேரம், விலைவாசி: மூன்றையும் சேர்த்துப் படித்தல்

(புள்ளியியல் பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

தொழிலாளியின் ஊதியம் உயர்ந்துள்ளதா என்ற கேள்வி எளிமையானதாகவே தோன்றும். ஆயினும் ஊதியப் பேச்சுவார்த்தைகளில் நிர்வாகத்தினர் உயர்ந்தது என்பர். சங்கத்தினர் உயரவில்லை என்பர். இரு தரப்பாரும் ஆதாரமாகக் காட்டுவது அரசின் புள்ளிவிவரங்களையே. இருவரும் உண்மையையே பேசியிருக்கவும் கூடும். இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை மாணவர்களும் அலுவலர்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு தொழிலாளி மாதம் 200 மணி நேரம் உழைத்து 12,000 ரூபாய் பெறுகிறார். அதாவது மணிக்கு 60 ரூபாய். மறு ஆண்டு ஊதிய விகிதத்தில் மாறுதல் இல்லை. ஆனால் மாதந்தோறும் 20 மணி நேரம் மிகைநேர வேலை செய்து, அதற்கு இரு மடங்கு ஊதியம் பெறுகிறார். மாத வருவாய் 14,400 ரூபாய் ஆகிறது. அதே ஆண்டில் நுகர்வோர் விலைகள் 6 சதவீதம் உயர்ந்தன எனக் கொள்வோர், அவருடைய வருவாய் 20 சதவீதமும், விலையேற்றத்தைக் கழித்தபின் சுமார் 13 சதவீதமும் உயர்ந்ததாகக் கூறலாம். ஆனால் அவருடைய ஒரு மணி நேர உழைப்பின் சாதாரண விலை 60 ரூபாயாகவே இருந்ததால், அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்துவிட்டது. மூன்று விடைகளும் சரியானவையே. ஊதிய விகிதம் வேறு, வருவாய் வேறு என்பதை மறப்பதால்தான் குழப்பம் விளைகிறது.

முதலில் வருவாய் பற்றிய புள்ளிவிவரங்கள். இவை திரட்டப்படும் முறையே இவற்றின் எல்லையை நிர்ணயிக்கிறது. 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் மாதம் 200 ரூபாய்க்குக் குறைவாகப் பெறுவோருக்கே பொருந்தியது. இந்த வரம்பு 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 400 ரூபாயாகவும், பின்னர் 1975இல் 1,000 ரூபாயாகவும், 1982இல் 1,600 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இச்சட்டத்தின்கீழ்த் தொழிற்சாலைகள் அனுப்பிய அறிக்கைகளிலிருந்தே சராசரி வருவாய் கணக்கிடப்பட்டு வந்தது. 390 ரூபாய் பெற்றவர் 410 ரூபாய் பெறத் தொடங்கியதும் கணக்கிலிருந்து விலகிவிடுவார். அவருடைய ஊதியம் உயர்ந்தது. சராசரியோ அதனால் தாழ்ந்தது. வரம்பு உயர்த்தப்பட்ட ஆண்டிலோ, விடுபட்டோர் மீண்டும் சேர்ந்து சராசரி திடீரென ஏறும். அந்த ஏற்றத்தைத் தொழிலாளரின் வளம் பெருகியதற்குச் சான்றாகக் கொள்வது பெரும் பிழையாகும். பழைய வரிசைகளைப் பயன்படுத்தும் ஆராய்ச்சி மாணவர்கள் அட்டவணையின் அடிக்குறிப்புகளை முதலில் படித்தல் நலம்.

அடுத்தது வேலை நேரம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி, நாளொன்றுக்கு 9 மணி என்று உச்ச வரம்பு விதித்தது. மிகைநேரத்துக்கு இரு மடங்கு ஊதியம் அளிக்கச் செய்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்த இரு மடங்கு நெறி தொடர்கிறது. ஆனால் சட்டம் விதித்த நேரம் வேறு, உண்மையில் உழைத்த நேரம் வேறு. தொழிற்சாலைகளைப் பற்றிய ஆண்டு ஆய்வு, ஒவ்வொரு ஷிப்டிலும் வேலைக்கு வந்தவர்களை மனித நாட்களாகக் கூட்டித் தருகிறது. ஷிப்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றவரின் உழைப்பு அதில் புலப்படுவதில்லை. 2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, வாரத்தின் ஏழு நாட்களிலும் எத்தனை மணி நேரம் வேலை செய்யப்பட்டது என்பதைக் குடும்பங்களிடமே கேட்டுப் பதிவு செய்தது வரவேற்கத்தக்க முன்னேற்றமாகும்.

மூன்றாவது விலை. இங்கு எந்த விலை என்ற கேள்வி எழுகிறது. தொழிலாளிக்கு அவர் வாங்கும் பொருள்களின் விலை முக்கியம். உற்பத்தியாளருக்கு அவர் விற்கும் பொருளின் விலை முக்கியம். முன்னதை நுகர்வோர் விலைக் குறியீட்டெண் காட்டுகிறது. பின்னதற்கு நம் நாட்டில் நெடுங்காலமாக மொத்த விலைக் குறியீட்டெண்ணே பயன்பட்டு வந்துள்ளது. 2017இல் வெளியான அதன் 2011-12 அடிப்படைத் தொடரில் மறைமுக வரிகள் நீக்கப்பட்டதால், அது உற்பத்தியாளர் விலைக்குச் சற்று நெருங்கி வந்தது. எனினும் சேவைகள் அதில் இடம்பெறவில்லை.

இவ்விரு விலைகளும் எப்போதும் இணைந்து செல்வதில்லை. 2021-22இல் மொத்த விலைகள் 13 சதவீதம் உயர்ந்தன. நுகர்வோர் விலைகளின் உயர்வு சுமார் 5.5 சதவீதமே. 2015-16இல் மொத்த விலைகள் இறங்கின. நுகர்வோர் விலைகளோ ஏறின. அத்தகைய ஆண்டில், விற்பனை விலை குறையும்போது ஊதியத்தை எவ்வாறு உயர்த்துவது என்று ஆலை நிர்வாகம் கேட்கும். அரிசி, பருப்பு விலை ஏறியிருக்கிறதே என்று தொழிலாளி கேட்பார். இரண்டும் நியாயமான கேள்விகள். ஒன்றுக்குரிய குறியீட்டெண்ணைக் கொண்டு மற்றொன்றுக்கு விடை கூறுவதுதான் தவறு.

குறியீட்டெண்ணின் ஒரு புள்ளி இலட்சக்கணக்கான குடும்பங்களின் அகவிலைப்படியைப் பாதிக்கிறது. 1963இல் பம்பாய்க் குறியீட்டெண் உண்மையான விலையேற்றத்தைக் காட்டவில்லை என்று தொழிலாளர்கள் குறை கூறினர். மகாராஷ்டிர அரசு பேராசிரியர் லக்டாவாலா தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. குழு குறைகளை ஆராய்ந்து, குறியீட்டெண்ணை உயர்த்தித் திருத்துமாறு பரிந்துரைத்தது. தொழிலாளியின் அனுபவம் புள்ளிவிவரத்தைத் திருத்த உதவிய நிகழ்ச்சி இது.

அடிப்படை ஆண்டை மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். தொழில் துறைத் தொழிலாளர் குறியீட்டெண்ணில் உணவு, பானங்களின் பங்கு 2001ஆம் ஆண்டுத் தொடரில் 46.2 சதவீதம், 2016ஆம் ஆண்டுத் தொடரில் 39.17 சதவீதம். குடும்பங்களின் செலவு முறை மாறியதை இது காட்டுகிறது. இவ்விரு தொடர்களையும் இணைக்கும் காரணி 2.88. புதிய தொடரில் 120 என்பது பழைய தொடரில் 345.6 ஆகும். இதை அறியாதவர் விலைகள் வீழ்ந்துவிட்டதாக எண்ணக்கூடும்.

எனவே ஊதியம் பற்றிய ஓர் எண்ணைக் கோப்பில் எழுதுமுன், அலுவலர் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும். இது விகிதமா, வருவாயா? எத்தனை மணி நேர உழைப்புக்கு உரியது? யார் யார் இக்கணக்கில் அடங்குவர்? எந்த விலையால், எந்த அடிப்படை ஆண்டைக் கொண்டு வகுக்கப்பட்டது? இந்த நான்குக்கும் விடை கிடைத்தபின் எழுதப்படும் குறிப்பு தொழிலாளிக்கும் நீதி செய்யும். தொழிலுக்கும் நீதி செய்யும். சந்தைக்குச் சென்று விலை கேட்டுப் பதியும் ஊழியரின் உழைப்புக்கும் அப்போதுதான் முழுப் பயன் விளையும்.